டிபன் அம்மா

பங்குச் சாமியார் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளைகளிடம் எந்தச் சாமியாரும் கேட்கிற கேள்விதான்.

"பாலைவனத்துல அவ்ளோ ஜனத்துக்கும் ஆண்டவர் சாப்பாடு போட்டாரே, அந்த அஞ்சு அப்பத்தையும் ரெண்டு மீனையும் கொண்டுவந்தது யாரு?"

வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும், ஒத்திகை பார்த்த பாட்டைப் போல ஒரே குரலில் சொன்னார்கள். "டிபன் அம்மா, ஃபாதர்."

அவர்களுக்கு வகுப்பு எடுக்கிற மர்சலின் சுவரோரமாக நின்றிருந்தாள், அவளுக்குக் காது சூடாகிவிட்டது. மந்தைவெளியில், ஒரு சின்னக் கோவிலின் பின்பக்கத்து அறையில் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு அது. முதல் தடவையாக நற்கருணை வாங்குவதை அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் இன்றைக்கும் புதுநன்மை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி, பிரியாணி எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் பங்குச் சாமியார் வந்து பிள்ளைகளை வாய்மொழியாகச் சோதிப்பார். பாடம் தெரியாத பிள்ளை அடுத்த வருஷம்தான் கவுன் போட வேண்டும். தையற்காரரிடம் துணி கொடுத்துவிட்ட தாய்மார்களுக்கு இது உயிர் போகிற விஷயம்.

காஸ்பர் சாமியார் இந்தப் பங்குக்குப் புதிது. நல்ல மனிதர். கோபம் வந்தாலும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற ரகம். இப்போதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு அது, டிபன் அம்மா?"

"அந்தப் பையனுக்கு டிபன் கட்டிக் குடுத்தவங்க, ஃபாதர்" என்றான் முன் பெஞ்சில் ஒருவன்.

"வூட்ல தனியா கீறாங்க, ஃபாதர். பையன் போனவன் இன்னும் வரல."

"ஜன்னலாண்ட உக்காந்துகினு ரோட்டையே பாத்துகினு இருப்பாங்க."

"அவங்களுக்கு முட்டி வலி வேற, ஃபாதர்" என்று ஒரு பெண் குழந்தை உண்மையான கவலையோடு சேர்த்துச் சொன்னாள்.

"இதெல்லாம் எங்க போட்டிருக்கு?"

"பைபிள்ல, ஃபாதர்." இதுவும் ஒரே குரல்தான்.

சாமியார் மர்சலினைப் பார்த்தார். மர்சலின் மின்விசிறியைப் பார்த்தாள்.

அந்த டிபன் அம்மா பிறந்தது போன மழைக்காலத்தில். அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. அஞ்சு அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பலுகிப் பெருகிய கதையை மர்சலின் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் கையைத் தூக்கினான். "மிஸ், ஊரே வெறுங்கையோட வந்திருக்கு, அந்தப் பையன் மட்டும் எப்டி டிபன் எத்துனு வந்தான்?" என்று கேட்டான். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் அவள். பிள்ளைகள் கேள்விக்கு அசந்துபோகிறவள் இல்லை. ஆனால் இதற்கு யோசிக்க வேண்டியிருந்தது. "அவங்க அம்மா கட்டிக் குடுத்திருப்பாங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் வேறு வழியே இல்லை. பையன்கள் தானாகவா சாப்பாடு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவார்கள்?

அவ்வளவுதான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அந்தம்மா எப்படி இருப்பாங்க, அப்பம் எப்படிச் சுட்டாங்க, மீன் வறுத்ததா குழம்பா. மர்சலினும் சளைக்கவில்லை. விடியுமுன் எழுந்து மாவு அரைத்தாள், மீனுக்கு உப்புப் போட்டாள், துணியில் முடிந்து கொடுத்தாள், விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடு என்றாள், பையனும் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் எந்தப் பாடம் நடந்தாலும் அந்தம்மா ஒரு நடை வந்துவிட்டுப் போனாள்.

வந்ததில் நஷ்டம் ஒன்றும் இல்லை. செபம் என்றால் என்ன என்று கேள்வி-பதிலாக நெட்டுருப் போட்ட பிள்ளைக்கு, வாய் பதில் சொல்லும், கண் ஜன்னலுக்கு வெளியே கிரிக்கெட் பார்க்கும். அதையே, டிபன் அம்மாவுக்குச் செபம் சொல்லத் தெரியாது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கடவுள் அதையும் செபமாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று சொன்னபோது அறை கப்சிப்பென்று ஆகிவிட்டது. பாவம் பற்றிய பாடத்தில், அவள் ஒருநாள் ஆத்திரத்தில் மகனுடைய சட்டையைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டு, ராத்திரி போய் எடுத்துவந்து தோய்த்து வைத்தாள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு முடியும்போது பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். "பையன் வந்துட்டானா, மிஸ்?"

"இன்னும் வரல. அடுத்த வாரம் பாப்போம்."

அவர்கள் அதைத் தொடர்கதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். சாமர்த்தியமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. பையன் வருவானா மாட்டானா என்று மர்சலினுக்கே தெரியாது.

அவளுடைய பையன் ஆஸ்வின் ஆதம்பாக்கத்தில் இருந்தான். கனடாவில் இல்லை, துபாயில் இல்லை, ஆதம்பாக்கத்தில். போன வைகாசியில் சரண்யாவைக் கட்டிக்கொண்டு அங்கே வாடகைக்குப் போனான். சரண்யா வீட்டார் இந்துக்கள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், தி.நகரில் ஜவுளிக்கடை. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. மர்சலின் முகம் சுளிக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவும் பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டதே கிடையாது, அதுதான் கஷ்டம். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்றும் ஒன்று வந்திருக்கும். அவன் வராமல் இருந்தான், அவ்வளவுதான். போன் செய்தால், "நல்லா இருக்கேம்மா, சரண்யாவும் நல்லா இருக்கா, அப்புறம் பேசறேன்" என்பான். கிறிஸ்துமஸுக்கு வந்தான், தனியாக. சரண்யாவுக்குச் சளி என்றான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நின்றுவிட்டு, கேக்கைக்கூடப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பேச ஆள் இல்லை. மர்சலின் தனியாக இருந்தாள். அதைச் சொல்ல வேறு நல்ல வார்த்தை தேடிப் பிரயோஜனம் இல்லை. வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த பிறகு மட்டும், அவள் உள்ளே வரும்போது ஒரு அறை நிறைய முகங்கள் திரும்பின.

அன்றைக்குச் சோதனை முடிந்ததும் சாமியார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"டீச்சர், கதை நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லல நான், எனக்கே கேக்கணும்போல இருந்துச்சு. ஆனா பிள்ளைங்க அதை வேதமாவே நம்பிடுச்சே. நாளைக்குப் பெருசாகும். டிபன் அம்மான்னு ஒருத்தர் இல்லவே இல்லன்னு தெரியும். அப்ப மத்ததும் இப்படித்தான்னு நெனச்சுடாதா?"

 பதினோராம் வகுப்புப் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பச் சொன்னபோது, ஆஸ்வின் கட்டிலில் படுத்தபடியே, "எல்லாம் கதைதானேம்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டது மர்சலினுக்கு ஞாபகம் வந்தது.

"அடுத்த ஞாயிறு நீங்களே சொல்லிடுங்க, அது நம்ம கற்பனைன்னு. நானும் வந்து உக்காருறேன். அது ஒங்களால முடியாதுன்னா பரவால்ல, இந்த வருஷம் வகுப்ப ஸிஸ்டர்கிட்ட குடுத்துடலாம். அவங்க புரொஜெக்டர் வெச்சுப் படமாவே காட்டுவாங்க."

"சொல்லிடறேன், ஃபாதர்" என்றாள் மர்சலின்.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பு வேண்டுமென்றால் டிபன் அம்மாவை விட வேண்டும். டிபன் அம்மா வேண்டுமென்றால் வகுப்பை விட வேண்டும். வகுப்பை விட்டுவிட்டு டிபன் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சுவரிடமா கதை சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம் அவள் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து விளக்குப் போடப் போனபோது முட்டி பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்தப் பெண் குழந்தை சொன்னது உறைத்தது. டிபன் அம்மாவுக்கு முட்டி வலி என்று இவள் எந்த வாரம் சொன்னாள்? சொன்னதாகவே ஞாபகம் இல்லை. ஜன்னல் இவளுடையது, நாற்காலி இவளுடையது, ரோடு இவளுடையது. தன் வீட்டையே பைபிள் காலத்துக் கலிலேயாவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இத்தனை மாதமும் வேறு யாரோ ஒருத்திக்காக இரங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாளைக்கு நீ இல்லவே இல்லன்னு சொல்லணுமாம், தெரியுமா?" என்று சத்தமாகவே சொன்னாள். வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

மறுநாள் காஸ்பர் சாமியார் சொன்னபடியே வந்து கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு என்பதால் முழங்காலை மடக்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்தார். மர்சலின் சுற்றி வளைக்கவில்லை.

"மிஸ் ஒண்ணு சொல்லணும். ஆண்டவர் நெஜம். அப்பம் நெஜம். அந்தப் பையனும் நெஜம், நற்செய்தியில இருக்கான். ஆனா டிபன் அம்மா அதுல இல்ல. அவங்கள மிஸ்ஸே யோசிச்சு சேத்தேன். ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

யாராவது அழுவார்கள் என்று எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் யாராவது கோபித்துக்கொள்ள வேண்டாமா? பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் பெஞ்சிலிருந்து சான்ட்ரா எழுந்தாள். பட்டினப்பாக்கத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர்.

"தெரியும், மிஸ்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவங்க அதுல இல்லன்னு. எங்க அக்கா அப்பவே தேடிப் பாத்துச்சு."

"அப்போ ஃபாதர் கேட்டப்ப ஏன் பைபிள்ல இருக்குன்னு சொன்ன?"

"எழுதினவங்க வுட்டுட்டாங்க, மிஸ். அம்மா இல்லாம டிபன் எங்கேருந்து வரும்?"

கடைசி பெஞ்சில் சாமியார் இருமினார். அது இருமல்தானா என்று மர்சலின் திரும்பிப் பார்க்கவில்லை. சான்ட்ரா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆனா அந்தம்மா பண்றது தப்பு, மிஸ்."

"என்ன தப்பு?"

"எதுக்கு வூட்லயே உக்காந்துகினு கீறாங்க? எங்கப்பா போட் வர லேட் ஆச்சுன்னா எங்கம்மா வூட்ல உக்காராது. கரைக்குப் போய் நிக்கும். மழையா இருந்தாலும் போய் நிக்கும். இவங்களும் கெளம்பிப் போலாம் இல்ல? பக்கத்துலதானே?"

"அவன் வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனானே" என்றாள் மர்சலின். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"அதுக்கு? அவன் டிபன தூக்கிக் குடுத்துட்டான். பட்டினியா இருப்பான்."

"லூசு, எல்லாருக்கும் வயிறு ரொம்பிச்சுன்னு இருக்கு, மீதி கூட கூடையா எடுத்தாங்க" என்று பக்கத்துப் பையன் திருத்தினான்.

சான்ட்ரா அவனை அலட்சியமாகப் பார்த்தாள். "அது அன்னிக்கு. மறுநாளைக்கு?"

 இத்தனை மாதமாக மர்சலின் டிபன் அம்மாவை உட்காரவைத்தாள், அழவைத்தாள், கோபப்படவைத்தாள், விளக்கேற்றவைத்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டவைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைதான் அம்மாவிடம் வர வேண்டும், அதுதான் முறை என்று அவள் மனசுக்குள் எங்கோ முடிந்து வைத்திருந்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மீதி நேரத்துக்குப் பத்துக் கட்டளையை ஒப்பிக்கவைத்தாள். வகுப்பு கலைந்து பிள்ளைகள் ஓடிய பிறகு சாமியார் காலை நீட்டி எழுந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"இனிமே யாரு கேட்டாலும், பையன் கொண்டுவந்தான்னு சொல்லச் சொல்லிடுங்க, டீச்சர். அது போதும். மத்தபடி நீங்க நடத்துங்க. இதுங்கள நான் குறைச்சு மதிச்சுட்டேன்." போகத் திரும்பியவர் நின்றார். "அப்புறம், அந்தம்மா கெளம்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல, ஃபாதர்" என்றாள் மர்சலின்.

வகுப்பு மிஞ்சியது. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவள் வீட்டுக்குப் போகாமல், பட்டினப்பாக்கம் தாண்டி லூப் ரோட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். சங்கரா வாங்கினாள். தனக்கு ஒருத்திக்கு என்று அவள் மீன் வாங்குவதை விட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. புளி கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். சோற்றைத் தனியாகக் கட்டினாள். போன் செய்துவிட்டுப் போகலாமா என்று கையில் எடுத்தாள். செய்தால் அவன் வேலை இருக்கிறது என்பான், இவளும் சரிப்பா என்பாள், குழம்பு ஃப்ரிட்ஜுக்குப் போகும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டினாள்.

பறக்கும் ரயிலில் பெட்டி காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் எங்கே போகப்போகிறார்கள்? எதிர் சீட்டில்கூட ஆள் இல்லை. டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, சூடு புடவையைத் தாண்டித் தொடையில் சுட, வேளச்சேரி வரை அப்படியே போனாள். பயமாக இருந்தது. பெற்ற பிள்ளை வீட்டுக்குப் போக என்ன பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், பயம் போகவில்லை. வேளச்சேரியில் ஆட்டோக்காரரிடம் முகவரி சொன்னபோதுதான், கல்யாணமான புதிதில் பால் காய்ச்சிய அன்றைக்குப் பிறகு தான் இந்தப் பக்கம் வரவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அவன் வரவில்லை, வரவில்லை என்று ஏங்கியவள், தானும் போகவில்லை.

கதவைத் திறந்தவன் தாடி வைத்திருந்தான். இளைத்திருந்தான்.

"ம்மா? இன்னாச்சு? உடம்புக்கு எதுனா?"

"ஒண்ணுமில்ல. மீன் குழம்பு வெச்சேன்."

அவன் வழியை விட்டு நகர நேரமாயிற்று. உள்ளே போனதும் அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. கூடத்தில் ஒரு நாற்காலி, அதன் மேல் சலவைக்குப் போகாத சட்டைகள். மூலையில் ஹோட்டல் பார்சல் டப்பாக்கள். கொடியில் ஒரு புடவையோ சுடிதாரோ இல்லை.

"சரண்யா எங்கப்பா?"

ஆஸ்வின் ஜன்னல் பக்கம் பார்த்தான். "ஆடிக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போனா."

புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது அவர்கள் வழக்கம், மர்சலினுக்கும் தெரியும். இப்போது பங்குனி. கபாலீஸ்வரர் தேருக்கு மயிலாப்பூரில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் வரல."

அவன் அவ்வளவுதான் சொன்னான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. மழைக்காலம் முழுக்க, கிறிஸ்துமஸ் முழுக்க, இவன் இந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போனில் சரண்யா நல்லா இருக்கா என்று சொல்லியிருக்கிறான். அங்கே மர்சலின் ஜன்னலோரம், இங்கே இவன். நடுவில் கடல் இல்லை, மலை இல்லை, ஒரு ரயிலும் ஒரு ஆட்டோவும்தான் இருந்தன. மர்சலினுக்கு அழுகை வந்தது, அழுதாள். அவன் என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியிலிருந்த சட்டைகளை அள்ளிவிட்டு அவளை உட்காரச் சொன்னான்.

"சொன்னா நீ கஷ்டப்படுவன்னு..."

"சொல்லாம மட்டும் நான் என்ன கூத்தா ஆடிக்கினு இருந்தேன்?" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தட்டு எங்க வெச்சிருக்க?"

இருந்தது ஒரே தட்டுதான். அதைக் கழுவி அவனுக்குச் சோறு போட்டாள். கேரியர் மூடியைத் திருப்பித் தனக்குப் போட்டுக்கொண்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவன் முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு மென்று முடிக்கும் வரை நிமிரவில்லை. பிறகு அவசர அவசரமாகச் சாப்பிட்டான். யாரும் பிடுங்கிக்கொள்ள வரவில்லை, மெதுவாச் சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தாள்.

"இன்னிக்கு எப்டிம்மா திடீர்னு கெளம்பின?"

"புதுநன்மை வகுப்புல ஒரு பொண்ணு திட்டிடுச்சு."

"உன்னையா?"

"டிபன் அம்மாவ."

"அது யாரு?"

"அது பெரிய கதை. வேதத்துல இருக்காது."

ஆஸ்வின் தட்டில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்தான். சிரிக்கிறானோ என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"பரவால்ல, சொல்லு" என்றான்.

அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, அந்தம்மா வீட்டைப் பூட்டின இடத்திலிருந்து மர்சலின் ஆரம்பித்தாள்.